ஏலத்தில் மூன்று லாட்டுகள்: எதற்குக் கை தூக்கலாம்?

கேள்வி: ஓர் ஏல நிறுவனத்தின் இணையப் பட்டியலில் மூன்று பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஜெர்மன் ராணுவச் சின்னம் பொறித்த, 1930களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் தங்க நிற லைக்கா கேமரா ஒன்று. பெயர்பெற்ற ஓவியரின் கையெழுத்தோடு சட்டமிட்ட லித்தோகிராஃப் அச்சோவியம் ஒன்று. பழைய பிளாட்டினக் கட்டுக்குள் (கல்லைப் பிடித்திருக்கும் உலோகப் பகுதி) மாணிக்கம் பதித்த மோதிரம் ஒன்று. மூன்றுக்கும் போட்டிருக்கும் மதிப்பீடு கடை விலையில் பாதிகூட இல்லை. நேரில் போய்ப் பார்க்க முடியாது. இணையம் வழியாகத்தான் ஏலம் கேட்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூன்றில் கேமராவை இப்போதே கழித்துவிடுங்கள். மோதிரத்தோடு ரத்தினக்கல் ஆய்வகத்தின் அறிக்கை வரவில்லையென்றால் அதையும் விட்டுவிடலாம். லித்தோகிராஃபை மட்டும், கூடுதலாகச் சில படங்கள் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். காரணங்களுக்குப் போகுமுன் பணக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். ‘பாதி விலை’ என்று உங்களுக்குத் தோன்றுவதில் பாதி மயக்கம்தான்.

பட்டியலில் போடும் மதிப்பீடு சுத்தியல் விலைக்கானது. ‘ஒரு தரம், இரண்டு தரம்’ சொல்லி முடித்துச் சுத்தியல் தட்டும்போது நிற்கிற தொகை அது. அதற்கு மேல் வாங்குபவரிடமிருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கட்டணம் ‘பையர்ஸ் பிரீமியம்’. பொதுவாக 20 முதல் 28 விழுக்காடு வரை இருக்கும். லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தானே வைத்துப் படமெடுத்த 105-ஆம் எண் கேமரா, 2022 ஜூனில் 1.44 கோடி யூரோவுக்குப் போனது என்று உலகெங்கும் செய்தி வந்தது. சுத்தியல் விழுந்தது 1.2 கோடியில்தான், மீதி 24 லட்சம் கட்டணம். முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடும்போது பெரிய நிறுவனங்கள் கட்டணத்தைச் சேர்த்தே போடுகின்றன. மதிப்பீட்டிலோ அதைச் சேர்ப்பதில்லை. பழைய ஏல விலையையும் இன்றைய மதிப்பீட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாமே மலிவாகத் தெரிவது இதனால்தான்.

கட்டணத்தின் மேல் வரி உண்டு. வேறொரு தளத்தின் வழியாக ஏலம் கேட்டால் அந்தத் தளம் தன் பங்குக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை கேட்கலாம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஓவியம், அச்சோவியம் வாங்கும்போது, ஓவியர் உயிரோடு இருந்தாலோ இறந்து 70 ஆண்டு ஆகாமல் இருந்தாலோ, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் படைப்புக்கு மறுவிற்பனை உரிமைத் தொகை சேரும். அது பல சமயம் வாங்குபவர் தலையில்தான் விழும். எனவே கணக்கை முடிவிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சேர்த்து உங்களால் முடிந்தது 1,000 என்று வையுங்கள். அனுப்பும் செலவு 60, கட்டணம் 25 விழுக்காடு, அந்தக் கட்டணத்தின் மேல் வரி 20 விழுக்காடு. அப்படியானால் நீங்கள் 723-க்கு மேல் கேட்கக் கூடாது. பொருள் எல்லை தாண்டி வந்தால் சுங்கம் தனி. அதையும் கழித்தால் இன்னும் இறங்கும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்னொன்று. விற்பவர் தன் பொருளுக்கு ‘ரிசர்வ்’ என்று ஒரு ரகசியக் கீழ் எல்லை வைத்திருப்பார். வழக்கமாக அது மதிப்பீட்டின் கீழ்த்தொகையைத் தாண்டாது. அதனால் போட்டியை இழுக்க விரும்பும் நிறுவனம் மதிப்பீட்டை வேண்டுமென்றே தாழ்த்திப் போடுவது உண்டு. குறைந்த மதிப்பீடு ஒரு வாக்குறுதி அல்ல, அழைப்பு.

இனி கேமரா. தங்க நிறம், கழுகுச் சின்னம், பாம்புத் தோல் உறை, மர உறை, ‘1936 ஒலிம்பிக்’ என்ற பொறிப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலே சேகரிப்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சோவியத் நாட்டில் கார்கிவ் நகரில் 1934 முதல் ‘ஃபெட்’ என்ற பெயரில் லைக்கா 2-ஐப் பார்த்து அப்படியே கேமரா செய்தார்கள். பின்னால் ‘சோர்க்கி’யும் வந்தது. இவை லட்சக்கணக்கில் கிடைத்ததால், பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு ‘லைக்கா’ என்று பொறித்து, பித்தளை நிறம் ஏற்றி விற்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. லைக்கா நிறுவனம் 1929 வாக்கில் தங்க முலாம் பூசிய ‘லக்ஸஸ்’ கேமராவைச் சிறு எண்ணிக்கையில் செய்தது உண்மை. ஆனால் அது லென்ஸைக் கழற்ற முடியாத முதல் மாதிரி. ராணுவச் சின்னம் பொறித்த அசல் லைக்காக்களும் உண்டு. அவை பாதி விலைக்கு வருவதில்லை.

சந்தேகம் தீர வேண்டுமானால் லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் கை அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அசல் லைக்காவில் அதன் நுனியில் சிறிய உருளைச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் சோர்க்கியிலும் சக்கரம் இருக்காது. நாக்கு மாதிரி வழுவழுப்பான ஆப்புத் துண்டுதான். மேல்தட்டின் பொறிப்பை எவரும் மாற்றிவிடலாம், இந்தக் கையை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. வேடிக்கைக்காக அலமாரியில் வைக்க ஒரு போலி வேண்டும் என்றால் ஃபெட் விலைக்கு வாங்குங்கள், தப்பில்லை. நல்ல ஃபெட்டில் படமும் எடுக்கலாம்.

வேறு கேமராவைப் பிறகு எப்போதாவது கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விவரக் குறிப்பில் ‘அன்டெஸ்டெட்’ (சோதித்துப் பார்க்கவில்லை) என்று இருந்தால் ‘ஓடாது’ என்றே எடுத்துக்கொண்டு விலை கட்டுங்கள். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினால் ஷட்டர் முழுதாக ஓடி மூடுகிறதா என்று கேளுங்கள்; பழைய மசகு இறுகிப்போனால் முதலில் தடுமாறுவது மெதுவான வேகங்கள்தான். துணித் திரை கொண்ட கேமராவில் ஊசித்துளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். லென்ஸை முன்பக்கம் எடுத்த பளபள படம் எதற்கும் உதவாது. பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் சாய்வாகப் பாய்ச்சி எடுத்த படம் வேண்டும். சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. லென்ஸின் மேல்பூச்சை அது அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. பனிமூட்டம் போன்ற மங்கலைப் பெரும்பாலும் பிரித்துத் துடைத்துச் சரிசெய்யலாம். உள்ளே ஒளியளக்கும் மீட்டர் இருந்தால் அது எந்த பேட்டரிக்குச் செய்தது என்று பாருங்கள். 1960, 70களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பியவை. அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை, மாற்று வழி தேட வேண்டும்.

லித்தோகிராஃபுக்கு வருவோம். பட்டியலில் ஓவியரின் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால் அவர் செய்தது என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் அவருடையதாக இருக்கலாம் என்ற கருத்து மட்டுமே. ‘ஸ்டுடியோ ஆஃப்’, ‘சர்க்கிள் ஆஃப்’, ‘ஃபாலோயர் ஆஃப்’, ‘மேனர் ஆஃப்’ என்று போகப் போக அவர் கை விலகிக்கொண்டே போகும். ‘ஆஃப்டர்’ என்றால் அவருடைய படத்தைப் பார்த்து வேறு யாரோ செய்தது. அச்சோவியங்களில் இந்தக் கடைசிச் சொல்தான் பலரையும் கவிழ்க்கிறது. ‘சைன்டு’ என்பதற்கும் ‘பேர்ஸ் சிக்னேச்சர்’ என்பதற்கும் இதே தூரம்: பின்னதில், கையெழுத்து ஒன்று இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார்கள், யார் போட்டது என்று சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் சில 5 ஆண்டு வரை அசல் உத்தரவாதம் தருகின்றன. அது பெரும்பாலும் தடித்த எழுத்தில் உள்ள தலைப்புக்குத்தான் செல்லும், கீழே ஓடும் விவரிப்புக்கு அல்ல.

உங்கள் லாட்டில் கையெழுத்து எங்கே இருக்கிறது? படத்துக்குக் கீழே வெற்று ஓரத்தில் பென்சிலால் போட்டு, இன்னொரு மூலையில் 23/75 (75 பிரதிகளில் 23-ஆவது) போல எண்ணும் இருந்தால் நல்ல அறிகுறி. படத்துக்குள்ளேயே இருந்தால் அது அச்சோடு சேர்ந்து வந்த கையெழுத்தாக இருக்கலாம். அப்படியானால் விலை வேறு. சட்டத்திலிருந்து வெளியே எடுத்த படம், முன்னும் பின்னும், கேளுங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கை உருப்பெருக்கி) வைத்து நெருக்கமாக எடுத்த படமும் ஒன்று. வரிசை பிசகாத வண்ணப் புள்ளிகள் பூ மாதிரி அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் அச்சு, சுவரொட்டிக்கு உறவு. கல்லிலோ தகட்டிலோ வரைந்து எடுத்த லித்தோகிராஃபில் ஒழுங்கற்ற பொடிமணல் போன்ற துகள்கள் தெரியும். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, சட்ட அட்டையின் அமிலம் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கிறதா என்பதும் வெளியே எடுத்தால்தான் தெரியும். எடுத்துக் காட்ட மாட்டோம் என்றால் நானாக இருந்தால் ஏலம் கேட்க மாட்டேன்.

பின்பக்கத்து லேபிளை மட்டும் நம்பி மயங்காதீர்கள். 2006-ல் ஜெர்மனியில் ஓர் ஏலத்தில் ஜெர்மன் ஓவியர் காம்பெண்டோங்க் 1914-ல் வரைந்ததாக ஒரு ஓவியம் 28.8 லட்சம் யூரோவுக்குப் போனது. பின்னால் புகழ்பெற்ற ஒரு சேகரிப்பாளரின் பெயரில் அழகான லேபிள். ஆய்வில் டைட்டானியம் வெள்ளை அகப்பட்டது; 1914-ல் ஓவியர்களின் கையில் அந்த நிறமி இல்லை. உண்மையில் வரைந்தவர் போலி ஓவியங்கள் செய்த வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி. லேபிளும் அவரும் கூட்டாளிகளும் தயாரித்ததுதான். 2011-ல் தண்டனை ஆயிற்று. பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாறு லேபிளில் அல்ல, ரசீதிலும் பழைய கண்காட்சிப் பட்டியலிலும் சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

மோதிரத்தில் பழைய கட்டைப் பார்த்துக் கல்லும் இயற்கையானது என்று நினைத்திருப்பீர்கள். பிரெஞ்சு வேதியியலர் வெர்னேயியின் முறையில் செயற்கை மாணிக்கத்தைத் தயாரிக்கும் வழி 1902-லேயே வெளியாகிவிட்டது. 1920களின் அசல் பிளாட்டின மோதிரத்தில், அன்றைக்கே பதித்த செயற்கைக் கல் இருக்கலாம். உருப்பெருக்கியில் அதில் இசைத்தட்டின் வரிகள் மாதிரி வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் வளையாமல் நேராகவே ஓடும். இது ஒரு பக்கம். மறுபக்கம், 2000களில் சந்தைக்கு வந்த ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள். வெடிப்பு நிறைந்த மலிவுக் கல்லுக்குள் கண்ணாடியைப் புகுத்திப் பளபளப்பாக்குவது. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கும். மோதிரத்தின் அளவை மாற்றப் பற்றவைக்கும்போது பொற்கொல்லரின் தீ பட்டால் கல் பாழ். பழைய கட்டுக்குள் புதுக் கல்லைச் சொருகுவது பெரிய வித்தையும் இல்லை.

பல நிறுவனங்கள் விதிமுறைப் பக்கத்தில் ‘அறிக்கை இல்லாத கற்கள் பதப்படுத்தப்பட்டவை என்றே கொள்ளவும்’ என்று எழுதியே வைத்திருக்கின்றன. நிறம் கூட்டச் சூடாக்கிய மாணிக்கம் சந்தையில் சாதாரணம், குறையல்ல. சூடாக்காததற்கான விலையை அதற்குக் கொடுத்தால்தான் நஷ்டம். ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், கூப்லின் போன்ற ஆய்வகத்தின் அறிக்கை இருக்கிறதா, அதன் எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் போட்டால் வருகிறதா, அதிலுள்ள நீள அகலம் இந்தக் கல்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய அறிக்கை என்றால் புதிதாக ஒன்று கேளுங்கள். ‘சுமார் 2 காரட்’ என்ற ‘சுமார்’, கல்லைக் கட்டிலிருந்து எடுக்காமல் அளவை வைத்துப் போட்ட கணக்கு. கூடவே தரும் காப்பீட்டு மதிப்பைக் காட்டி யாராவது உற்சாகப்படுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது புதிதாகக் கடையில் வாங்கினால் ஆகும் தொகை.

கேள்விகளை ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். முந்திய நாள் கேட்டால் பதில் வராது. உங்களைப் போல நேரில் போக முடியாதவர் முன்கூட்டியே உச்சத் தொகையை எழுதிக் கொடுத்துவிடலாம். நியாயமான நிறுவனம் அந்த உச்சத்துக்கு ஏற்றாது. போட்டி எங்கே நிற்கிறதோ அதற்கடுத்த படியில் உங்களுக்கு முடிக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், திரையைப் பார்த்துக்கொண்டு விரல் துறுதுறுக்காமல் இருக்கும். நேரம் வைத்து முடியும் இணைய ஏலம் என்றால் கடைசி நொடியில் கேட்டு அடித்துவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். கடைசியில் யாராவது கேட்டால் பல தளங்கள் தானாகவே சில நிமிடம் நீட்டிவிடும்.

லித்தோகிராஃப் ரிசர்வை எட்டாமல் நின்றுவிட்டால் மறுநாள் காலையிலேயே நிறுவனத்துக்கு எழுதுங்கள். விற்காத லாட்டைத் திருப்பி அனுப்புவதைவிடக் கீழ் மதிப்பீட்டையொட்டிக் கொடுத்துவிட விற்பவர்கள் பலர் தயாராக இருப்பார்கள். அப்போதும் கட்டணமும் வரியும் உண்டு, 723 கணக்கு அங்கேயும் செல்லும்.