கேள்வி நேரம்: 470 கி.மீ. ஏறியும் ஏன் விழுகிறது?

கேள்வி: இஸ்ரோவின் ரோகிணி ஆர்.எச்.-560 ஆய்வு ராக்கெட் 100 கிலோவை 470 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிப் போகுமாம். விண்வெளி நிலையமே சுமார் 400 கி.மீ.யில்தான் சுற்றுகிறது. இதிலேயே சின்னச் செயற்கைக்கோளை ஏற்றி அனுப்பினால் என்ன?
– கல்லூரி மாணவர், சூளூர்பேட்டை

பதில்: உயரம் போதும், வேகம் போதாது. நேர்மேலே 470 கி.மீ. எட்ட நொடிக்கு 3 கி.மீ.க்கும் குறைவான வேகமே போதும். அங்கேயே சுற்றிவர வேண்டுமென்றால் பக்கவாட்டில் நொடிக்கு 7.6 கி.மீ. வேண்டும். உங்கள் ஊர்க்காரர்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்கும் பி.எஸ்.எல்.வி.க்கு ஒன்றன்பின் ஒன்றாக எரியும் நான்கு அடுக்கு இருப்பது அதற்காகத்தான். இரண்டடுக்கு ஆர்.எச்.-560 ஏறி, இறங்கிக் கடலில் விழும். ஆனால் 100 கி.மீ.க்கு மேலே ஒன்பது நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கும். பலூன் எட்டாத, செயற்கைக்கோளும் தங்க முடியாத 100–150 கி.மீ. உயரப் பகுதியை நேரில் அளக்க வேறு வழியில்லை.

அந்த 100 கிலோவையும் 470 கி.மீ.யையும் சேர்த்தே படியுங்கள். எடை கூடினால் உயரம் குறையும். பேட்டரி, தகவலைத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி, தாங்கு சட்டம் எல்லாம் போகத்தான் ஆய்வுக் கருவிக்கு இடம். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் உயரம் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். மூக்குப் பகுதி மிகவும் லேசானால் எடை மையம் பின்னுக்கு, வால் இறக்கைகளை நோக்கி நகரும். ராக்கெட் தலை தடுமாறும். அப்போது வேண்டுமென்றே மூக்கில் எடைக்கட்டி வைப்பார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட இரண்டடுக்கு ராக்கெட்டில் முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் இரண்டாவதைப் பற்றவைக்காமல் சில நொடி சும்மா விடுவது ஏன்?
– வாசகி, பாறசாலை

பதில்: கீழே காற்று அடர்த்தி. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும், மூக்கும் கொதிக்கும். அதனால் காற்று மெலிந்த உயரத்துக்கு மிதந்து போன பிறகே பற்றவைப்பது லாபம். ரொம்பத் தாமதித்தாலும் நஷ்டம்தான்: காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் புவியீர்ப்பு நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மெல்லிய காற்றில் இறக்கைக்குப் பிடிமானமும் குறையும்.

இதுபோன்ற எளிய ராக்கெட்டுகளில் திசைமாற்றி கிடையாது. இறக்கையைச் சற்றுச் சாய்த்துப் பொருத்திச் சுழலவிடுவார்கள். அந்தச் சுழற்சி வேகம் ராக்கெட்டின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போய்விட்டால் ஆபத்து. ஆட்டம் பெருகி உடலே முறியலாம். காற்றோ வேறு வகைத் தொல்லை. புறப்பட்ட வேகத்தில் ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். அதனால்தான் பலூன் விட்டுக் காற்றை அளந்து, ராக்கெட்டை ஏவும் தாங்கியின் சாய்வையும் திசையையும் கடைசி நேரத்தில் திருத்துவார்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள தும்பா ராக்கெட் ஏவுதளத்திலிருந்து 10 கிலோவோடு சுமார் 80 கி.மீ. ஏறும் ஆர்.எச்.-200க்கும் இதே கணக்குதான்.