‘சோலஸ்’ என்று தேடினால் வேகமான ஃபிடில்தான் வருகிறது

தூங்கும்முன் கேட்க ‘சோலஸ்’ என்ற இசை ஆல்பத்தைத் தேடினால் வேகமான ஃபிடில்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது இசையமைப்பாளர் ரோனன் ஹார்டிமனின் ‘சோலஸ்’ ஆல்பம். 1996இல் ‘லார்ட் ஆஃப் த டான்ஸ்’ நடன நிகழ்ச்சிக்கு இசையமைத்தாரே, அவரேதான். தூங்குவதற்காகப் போட்டதில் ஃபிடிலும் பாஞ்சோவும் குதித்து ஓடுகின்றன என்றால், கையில் சிக்கியது வேறு.

‘சோலஸ்’ என்றே ஓர் ஐரிஷ்-அமெரிக்கக் குழு இருக்கிறது. அவர்களும் முதல் ஆல்பத்தை 1996இல்தான் வெளியிட்டார்கள். அதன் பெயரும் ‘சோலஸ்’! ஐரிஷ் மொழியில் ‘ஒளி’ என்று பொருள், ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

கலைஞர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கேயும் ‘சோலஸ்’ என்றிருந்தால் அது அந்தக் குழு. ஹார்டிமன் பெயரையும் ஆல்பம் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

அவர் பெயரை மட்டும் போட்டால் நடன ஆல்பம் முந்திக்கொண்டு வரலாம். ராத்திரியில் அதைக் கேட்டால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.