எரிமலைத் தீவுகளில் பாய்மரப் படகு, கூடவே இத்தாலியன் வகுப்பு: அச்சாரம் அனுப்பும் முன்

கேள்வி: ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். சிசிலிக்கு வடக்கே எயோலியத் தீவுகளில் ஏழு இரவு பாய்மரப் படகுப் பயணம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் இத்தாலியன் வகுப்பு என்று இத்தாலியில் உள்ள ஒருவர் ஏற்பாடு செய்கிறார். கட்டணம் 1,150 யூரோ. இடம் பிடிக்க 30 சதவீதம் ‘கப்பார்ரா’ உடனே அனுப்பச் சொல்கிறார். ஸ்ட்ரோம்போலி எரிமலை ஏற்றமும் உண்டாம். நான் தனியாகப் போகிறேன், படகில் ஏறியதே இல்லை. பணம் கட்டலாமா? இணையத்தில் வாங்குவதால், பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம்தானே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. முடியாது. இணையத்தில் வாங்கிய செருப்புக்கு உள்ள அந்த 14 நாள் உரிமை, தேதி குறித்து வாங்கும் விடுமுறைப் பயணத்துக்கு இல்லை. அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் பணம் அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் முதலில் கற்க வேண்டிய இத்தாலியச் சொல் அந்த ‘கப்பார்ரா’தான். நம்மூரில் வீடு பேசும்போது அச்சாரம் என்போமே, அதே சங்கதி. இத்தாலிய சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவின்படி, நீங்கள் பின்வாங்கினால் அவர் அதை வைத்துக்கொள்ளலாம். அவர் வாக்குத் தவறினால் நீங்கள் இரண்டு மடங்காகக் கேட்கலாம். ‘அக்கோன்டோ’ என்று எழுதியிருந்தால் அது வெறும் முன்பணம், விலையில் ஒரு பகுதி, அவ்வளவே. அச்சாரத்தையும் அட்வான்ஸையும் நாம் பேச்சில் கலந்துவிடுவோம். அங்கே அவை இரண்டும் வேறு. உங்கள் 345 யூரோ இதில் எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த சொல் ‘காஸ்ஸா கொமூனே’, அதாவது பொது உண்டியல். இத்தாலியப் படகு விடுமுறைகளில் டீசல், துறைமுகக் கட்டணம், சமையல் சாமான், ஸ்கிப்பரின் (படகை ஓட்டும் தலைவரின்) சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் பயணிகள் சேர்ந்து போடும் இந்தப் பணத்திலிருந்துதான் போகும். விளம்பரத்தில் உள்ள 1,150-இல் இது அடங்காமல் இருக்கலாம். தலைக்கு எவ்வளவு, கணக்கு காட்டுவார்களா, மிச்சம் திரும்புமா என்று கேளுங்கள். கட்டணம் தனிக் கேபினுக்கா, ஒரு படுக்கைக்கா என்பதையும் கேளுங்கள். படுக்கை என்றால், முன்பின் தெரியாத ஒருவரோடு ஓர் ஆள் அகல அறையில் ஏழு இரவு. தனியாகப் போகும் நீங்கள் இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

சட்டப் பாதுகாப்புக்கு வருவோம். தங்குவது, போவது, வகுப்பு எல்லாவற்றையும் ஒரே விலையில் விற்றால் பொதுவாக அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுப் பயணத் தொகுப்பு விதிகளுக்குள் வரும். அப்படி வந்தால் உங்களுக்கு நல்ல பலம். விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணமின்றி விலகலாம். பயணத்துக்கு முந்தைய 20 நாளில் ஏற்றவே கூடாது. போக முடியாவிட்டால் ஏழு நாளுக்கு முன் சொல்லி இன்னொருவருக்கு இடத்தை மாற்றித் தரலாம். நிறுவனம் நொடித்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டின் பெயர் தகவல் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் பணம் அனுப்பாதீர்கள்.

‘உறுப்பினர் அட்டை எடுங்கள்’ என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். சங்கமாகப் பதிந்து உறுப்பினர்களைக் கூட்டிப்போகும் வழக்கம் அங்கே உண்டு. லாபநோக்கமின்றி, எப்போதாவது, சிறு குழுவுக்கு மட்டும் நடத்தும் பயணம் மேற்சொன்ன விதிகளுக்கு வெளியே நிற்கும். நல்ல சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் அங்கே வாடிக்கையாளரா, செலவைப் பங்கிடும் உறுப்பினரா என்பது முன்பே தெரிந்தாக வேண்டும்.

வகுப்புதான் எனக்குக் கவலை தருகிறது. இறங்கும் நாளை விட்டால் ஆறு காலை, இரண்டு மணி நேரம் என்றால் 12 மணி நேரம். ஏ1 என்ற முதல் படியை எட்டவே சுமார் 80 முதல் 100 மணி நேரம் வேண்டும் என்பார்கள். சான்றிதழ் கனவோடு போகாதீர்கள். அது சியன்னா, பெரூஜா பல்கலைக்கழகங்கள் நடத்துவது போன்ற தேர்வுகளின் வேலை. படகில் கிடைப்பது வேறு: கயிறு இழுக்கும்போதும் சலினா தீவில் கேப்பர் மொட்டு வாங்கும்போதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் பேச்சு. எழுத்து ஒன்றாக இருக்கும் ‘ஆங்கோரா’வை முதல் அசையில் அழுத்தினால் நங்கூரம், இரண்டாம் அசையில் அழுத்தினால் ‘இன்னும்’. நங்கூரம் போட்ட படகில் இது ஒரு நாளில் பதிந்துவிடும். அதற்காகவே போகலாம். ஆனால் சொல்லித் தருவது தகுதியுள்ள ஆசிரியரா, இல்லை ஸ்கிப்பரே ஓய்வு நேரத்தில் பேசுவதா? ஒரே வகுப்பில் எத்தனை பேர், எந்த நிலை? கடல் கொந்தளித்து வகுப்பு நின்றால் மறுநாள் ஈடு செய்வார்களா? எல்லாமே ஒப்பந்தத்தில் வரட்டும். வகுப்பு நடக்காவிட்டால் அங்கேயே, அன்றே எழுதித் தெரிவியுங்கள். பிறகு விலைக் குறைப்பு கேட்க அதுதான் ஆதாரம். அவர் மசியாவிட்டால், கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் நாடு கடந்த புகார்களில் இலவசமாக உதவும்.

ஸ்ட்ரோம்போலி ஏற்றத்தை உறுதியாக எண்ணி வாங்காதீர்கள். 2019 ஜூலை 3 அன்று நடந்த பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். அதன்பின் 924 மீட்டர் உச்சிக்குப் போவது நிறுத்தப்பட்டது. எந்த உயரம் வரை ஏறலாம் என்பது எரிமலையின் நிலையைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கிறது. ஏற்றம் ரத்தானால் வழிகாட்டிக் கட்டணம் திரும்புமா என்று கேளுங்கள். அங்கே படகு ஒதுங்க மறைவான துறையும் இல்லை. காற்று திரும்பினால் ஸ்கிப்பர் வேறு தீவுக்குப் போய்விடுவார். அதில் சண்டை போடாதீர்கள், அது உங்கள் உயிருக்காக எடுக்கும் முடிவு.

கடல் அமைதியாக இருந்தால் இரவில் ‘ஷாரா தெல் ஃபுவோக்கோ’ சரிவுக்கு எதிரே, கடலோரக் காவல்படை வகுத்த தூரத்தில் படகை நிறுத்தச் சொல்லுங்கள். மலை மேலே சிவந்து வெடிப்பதையும், கற்கள் உருண்டு கடலில் விழுவதையும் படகிலிருந்தே பார்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.