திம்பம் ஏற்றத்துக்கு 4.10 போதும்

பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடியின் விகிதத்தைத்தான் சொல்கிறேன், அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது: 4.10 போடுங்கள். 4.56 வேண்டாம்; அதைப் போட்டால், திம்பம் மலையிலிருந்து சத்தியமங்கலம் இறங்கி கோபி ரோட்டில் வெறும் வண்டியாக வரும்போது இன்ஜின் அலறிக்கொண்டே இருக்கும், டீசலும் கரையும்.

27 அங்குல டயரைக் கழற்றி 29 போட்ட பிறகுதான் தீவன மூட்டையோடு திம்பத்தில் இழுக்கவில்லை என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். இப்போதைய விகிதம் 3.73 என்றால், 3.73 × 29 ÷ 27 = 4.01. பழைய இழுவை திரும்ப இவ்வளவு வேண்டும். பக்கத்தில் இருப்பது 4.10, அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 10. தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் இன்ஜின் பிடிமானம் கூடும்.

செலவுக்கு முன் இரண்டு சோதனை:

1. ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் நழுவல். கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம்.

2. இப்போது இருப்பது 3.73 தானா? செகண்ட் ஹேண்ட் வண்டியில் யார் என்ன மாற்றினார்களோ! முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று வர வேண்டும். சாக்பீஸில் கோடு போட்டு எண்ணுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்ஸிலிலும் அதே விகிதம் போட்டாக வேண்டும். அப்புறம், கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்குங்கள். பழைய கடையில் தனித்தனியாகப் பொறுக்கினால் ஊளைச் சத்தம்தான்.