காபியை விட்டும் படபடப்பு விடவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. சேலம் கொண்டலாம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். பிபி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஒரு வருடமாக, மாதம் இரண்டு முறையாவது ராத்திரியில் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் தானே அடங்குகிறது. இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி மாட்டிப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதன்முதலில் வந்தது ஏற்காட்டில் நண்பர்களோடு தங்கிய இரவில். அன்று காபி அதிகம் என்பதால் காபியை விட்டேன். வாயு என்று வீட்டில் சொன்னதால் உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், வாழைப்பழம் எல்லாம் விட்டேன். இன்னும் வருகிறது. எதனால் என்று கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. உங்கள் பிபியையும் சர்க்கரையையும் பார்த்துத்தான் அந்த மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். எதனால் தூண்டப்படுகிறது என்பது அந்தக் கணக்கிலேயே வராது. தூக்கத்தில் உங்களுக்கே தெரியாமல் வந்துபோகும் படபடப்பும் உண்டு.

சரி, காபி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நட்டுவிட்டுப் போன பயிர் மேல் இவ்வளவு பழி வேண்டாம். இதே கோளாறு உள்ளவர்கள் தாங்கள் சந்தேகப்பட்ட பொருளை ஒரு வாரம் விட்டு, ஒரு வாரம் தொட்டுத் தாங்களே சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. பலரும் சந்தேகப்பட்டது காபியைத்தான். தெளிவாக மாட்டியதோ மது மட்டும். ஏற்காட்டில் அந்த இரவு காபியோடு நின்றதா என்பது உங்களுக்குத்தான் தெரியும், நான் கேட்கவில்லை.

தேடுகிற முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. படபடப்பு வந்த நாளை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம். தினமும் காபி குடிப்பவருக்கு, வந்த நாளிலெல்லாம் காபி இருக்கத்தான் செய்யும். வராத நாளிலும் அதே காபி இருந்ததை யார் எழுதி வைத்தார்கள்? அதனால் ஒரு சின்ன நோட்டில் எல்லா நாளும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், மது குடித்தீர்களா, வேறு என்ன மாத்திரை போட்டீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாதம் இரண்டு முறை வருவது ஒரு வாரம் வராமல் இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு மாதமாவது பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

மதுவுக்கு அடுத்து நான் சந்தேகப்படுவது தூக்கத்தை. ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் முதலாளியே தறியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதைச் சரிசெய்தால் படபடப்பும் குறைய வாய்ப்புண்டு. பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பதும் சிலருக்குத் தூண்டும். வீட்டில் வாயு என்று சொன்னதில் அந்த அளவு உண்மை இருக்கிறது, கத்திரிக்காய் பாவம். மெடிக்கலில் நீங்களாக வாங்கும் சளி மாத்திரை சிலவற்றில் இதயத்தை விரட்டும் மருந்து இருக்கும், கேட்காமல் போடாதீர்கள். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்தால், சேலத்து வெயிலில் வேர்க்கும் மாதங்களில் பொட்டாசியம் குறையலாம். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு தேடியும் பலருக்குக் காரணம் பிடிபடாமலே போகும். இதயத்துக்குள்ளிருந்தே கிளம்பும் மின்பொறிதான் மூலம் என்பதால், அது உங்கள் கவனக்குறைவு இல்லை. அப்படியானால் மருந்தை மாற்றுவது, அந்தப் பொறி கிளம்பும் இடத்தை அடைக்கும் அப்லேஷன் சிகிச்சை பற்றி இதய மருத்துவரிடம் பேசலாம்.

படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் நோட்டைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் அவர்களையும் கூட்டிப்போங்கள். குறட்டை பற்றி உங்களிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?