கேம் விளையாடும் பழக்கத்துக்கு ஆகும் செலவு உண்மையிலேயே கூடிவிட்டதா?

நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இன்று, டிவியில் இணைத்து கேம் விளையாடும் பெட்டியான கன்சோலை வாங்கி விளையாடத் தொடங்கினால் மொத்தம் எவ்வளவு ஆகும், இந்தச் செலவு முன்பைவிட உண்மையிலேயே கூடியிருக்கிறதா அல்லது எல்லா விலைவாசியும் ஏறியதால் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடியிருக்கிறது என்பதே என் பதில். பெட்டியின் விலையை மட்டும் பார்த்து இதை நான் சொல்லவில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் இரண்டு வழிகள் இருந்தன: விலை குறையும்வரை பொறுத்திருந்து வாங்குவது, கேம்களைக் கைமாற்றி விளையாடுவது. அந்த இரண்டும் அடைபட்டு வருகின்றன என்பதுதான் என் கவலை.

முதலில் பொறுத்திருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 கன்சோல் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்தது. 2002இல் 199, 2004இல் 149, 2009இல் 99 டாலர் என்று அதன் விலை இறங்கிக்கொண்டே போனது. முதல் நாளே வாங்க முடியாதவர் நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பாதி விலைக்கு வாங்கினார். அதற்குள் நல்ல கேம்களும் மலிவாகியிருந்தன. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் ₹49,990க்கு வந்தது. 2022 நவம்பரில் அது ₹54,990 ஆனது. 2024 ஏப்ரலில் வந்த மெலிந்த வடிவத்துக்கும் அதே ₹54,990தான். அமெரிக்காவிலேயே 2020இல் 499 டாலருக்கு விற்ற பெட்டியை 2025 ஆகஸ்டில் 549 டாலராக்கினார்கள். பழசாகப் பழசாக விலை ஏறும் கன்சோலை இந்தத் தலைமுறையில்தான் பார்க்கிறோம்.

காரணங்கள் பல. சிப்புகளைச் சிறிதாக்கினால் தயாரிப்புச் செலவும் சேர்ந்து குறையும் என்ற பழைய கணக்கு இப்போது முன்போல் பலிப்பதில்லை. 2021இல் 73 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்டுகிறோம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால், 2025இன் கடைசி மாதங்களில் கம்ப்யூட்டருக்கான ரேம் எனும் நினைவகத்தின் விலையும் கடுமையாக ஏறியது. ஆகவே கன்சோல் வேண்டாம், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்பவருக்கும் தப்பிக்க இடமில்லை.

இரண்டாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் கேம் விளையாட்டு வளர்ந்ததே அந்த வழியில்தான். தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் என் வயதுப் பையன்களில் சொந்தமாகக் கன்சோல் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாரும் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கேம் சென்டரில் விளையாடியவர்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து ரூபாய்தான், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பது சட்டம். தெருமுனை கேரம் கிளப்பில் ஒரு பலகையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பதைப் போலத்தான் அதுவும் நடந்தது. பிறகு வேலைக்குப் போய்ச் சொந்தமாக வாங்கியவர்கள், ஆளுக்கொரு கேம் டிஸ்க் வாங்கித் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். முடித்த டிஸ்கைக் கடையில் கொடுத்து, மேலே சில நூறு ரூபாய் போட்டு வேறொன்று எடுத்து வருவார்கள். நாலாயிரம் ரூபாய் டிஸ்க் ஒன்று ஐந்து வீடுகளைச் சுற்றி வந்தால் ஒரு வீட்டுக்கு எண்ணூறு ரூபாய்தான். பர்மா பஜாரில் கிடைத்த கள்ள டிஸ்குகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதை நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கை நண்பனுக்குக் கொடுப்பது வாங்கியவனின் உரிமை.

அந்த உரிமைதான் கைநழுவிப் போகிறது. 2013இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் வருவதற்கு முன், டிஸ்கைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் பின்வாங்கியது. அன்று உத்தரவு போட்டுச் செய்ய முடியாததை டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல்கள் இன்று சத்தமில்லாமல் செய்து முடிக்கின்றன. இத்தகைய டிஜிட்டல் பெட்டி வாங்கும்போது பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அதன்பின் கேம்களை நிறுவனத்தின் ஆன்லைன் கடையில்தான் வாங்க வேண்டும். விளையாடி முடித்ததை விற்க முடியாது, தம்பியின் நண்பனுக்குத் தரவும் முடியாது. நான்கைந்து புதிய கேம்கள் வாங்கியதும் அந்தப் பத்தாயிரம் கரைந்துவிடும்.

மாதச் சந்தா இன்னொரு செலவு. பிளேஸ்டேஷன் 3இல் ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாடக் கட்டணம் கிடையாது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததிலிருந்து, இலவச கேம்கள் தவிர மற்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்டும்வரை பல கேம்களை விளையாடத் தரும், மலிவு என்று எல்லாரும் புகழ்ந்த எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸின் அல்டிமேட் திட்டம்கூட 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏறியது. கட்டுவதை நிறுத்தினால் கையில் ஒரு கேமும் மிஞ்சாது.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. 2005 முதல் 2020 வரை அமெரிக்காவில் பெரிய கேமின் விலை 60 டாலராகவே நின்றது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கேம்கள் உண்மையில் மலிந்தன, 70 டாலரானது நியாயமே என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது டாலரில் சம்பளம் வாங்குபவருக்கான கணக்கு. இங்கே பெரிய பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று ₹4,999. மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு வேலை பார்க்கும் ஒருவருக்கு அது ஒரு வாரச் சம்பளம்.

நீங்கள் கேட்ட மொத்தத் தொகைக்கு வருகிறேன். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 கன்சோல் 2024 ஏப்ரல் விலையில் ₹54,990, அறிமுக விலையில் இரண்டாவது கன்ட்ரோலர் ₹5,990, புதிய கேம்கள் இரண்டு ₹9,998. சந்தா சேர்க்காமலே எழுபத்தோராயிரத்தை நெருங்குகிறது. மின்சாரத்தையும் நினைவில் வையுங்கள். விளையாடும்போது கன்சோல் ஏறக்குறைய 200 வாட் இழுக்கும், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தனியாகப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் கோடையில் ஏசியும் ஓடும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதுப் பெட்டிக்குத் தவணை கட்டமாட்டேன். வீட்டில் சுமாரான கம்ப்யூட்டர் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். கம்ப்யூட்டர் கேம்களுக்கான ஆன்லைன் கடைகளில் ஒன்றான எபிக் 2018 டிசம்பரிலிருந்து இலவசமாக கேம்கள் தந்து வருகிறது, இன்னொன்றான ஸ்டீமின் தள்ளுபடியில் பழைய நல்ல கேம்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கன்சோல்தான் வேண்டும் என்றால், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 4ஐப் பழையதாகத் தேடுங்கள். கடையிலேயே டிவியில் இணைத்து, ஒரு டிஸ்கைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். விசிறி அலறுகிறதா, கன்ட்ரோலர் குச்சியைத் தொடாதபோதும் திரையில் ஆள் தானாக நகர்கிறானா, கணக்கில் உள்நுழைந்தால் ஆன்லைன் கடை திறக்கிறதா என்று கவனித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.