குளோரினுக்கு 35.5 எப்போது, 71 எப்போது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண் என்று படித்தோம். அப்படியானால் குளோரினுக்கு 35.5 எப்படி வந்தது? அரை நியூட்ரான் என்று ஒன்று இருக்கிறதா? அப்புறம், மோல் கணக்கில் குளோரினுக்குச் சில இடத்தில் 35.5 போடுகிறார்கள், சில இடத்தில் 71 போடுகிறார்கள். எனக்கு விடை இரண்டு மடங்காகவோ பாதியாகவோ போய்விடுகிறது. எங்கே எதைப் போடுவது?

பதில்: அரை நியூட்ரான் கிடையாது. உங்கள் இரண்டு சந்தேகமும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. வேதியியலில் சில சொற்கள் தனி அணுவுக்கு உரியவை, சில சொற்கள் அணுக்கூட்டத்துக்கு உரியவை. பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருவதால் கலந்துவிடுகின்றன.

அணு எண்ணும் நிறை எண்ணும் தனி அணுவின் கணக்கு. துகள்களை எண்ணி வரும் எண்கள், அதனால் முழு எண்ணாகத்தான் இருக்கும். குளோரின் அணு ஒவ்வொன்றிலும் புரோட்டான் 17. நியூட்ரான் மட்டும் சில அணுக்களில் 18, சிலவற்றில் 20. ஆக நிறை எண் 35 அல்லது 37. இவைதான் குளோரினின் ஐசோடோப்புகள். 35.5 நிறையுள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை.

35.5 என்பது அணு நிறை. அது கூட்டத்தின் சராசரி. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் 100 அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 76 அணுக்கள் குளோரின்-35 வகை, மீதி 24 குளோரின்-37 வகை. 76 × 35 = 2660. 24 × 37 = 888. கூட்டினால் 3548, நூறால் வகுத்தால் 35.48. துல்லியமாக அளந்த மதிப்பு 35.45. ஒவ்வொரு ஐசோடோப்பின் உண்மை நிறையும் அதன் நிறை எண்ணைவிட இம்மியளவு குறைவு என்பதால்தான் இந்த வித்தியாசம். பள்ளிக் கணக்கில் 35.5 போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'அணு நிறையை முழு எண்ணாக்கினால் நிறை எண் வந்துவிடும்' என்று ஒரு குறுக்குவழி புழக்கத்தில் உண்டு. சோடியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் அது ஒத்துவரும். புரோமினுக்குப் போட்டுப் பாருங்கள். அணு நிறை 79.9, அதை 80 ஆக்கி, அணு எண் 35ஐக் கழித்து, நியூட்ரான் 45 என்று எழுதுவீர்கள். ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமினில் இருப்பவை 79, 81 என்ற இரண்டு வகைகள்தான், அதுவும் ஏறக்குறைய பாதிப் பாதி. நியூட்ரான் 44 அல்லது 46. நீங்கள் கண்டுபிடித்த 45 எதிலும் இல்லை! எனவே நியூட்ரான் எண்ணிக்கை கேட்டால் ஐசோடோப்பின் நிறை எண்ணிலிருந்து கழியுங்கள். அணு நிறையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சரி, இல்லாத அணுவின் நிறையை வைத்துக்கொண்டு கணக்கு எப்படிச் சரியாக வருகிறது? தராசில் நாம் ஒருபோதும் தனி அணுவை வைப்பதில்லை. ஒரு மைக்ரோகிராம் குளோரினில்கூடச் சுமார் 1.7 × 10¹⁶ அணுக்கள் இருக்கும். அவ்வளவு பெரிய கூட்டத்தில் சராசரி பிசகாது.

அந்தக் கூட்டத்தை எண்ணுவதற்கான அலகுதான் மோல். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். முன்பு 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்று வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். பள்ளிக் கணக்கில் இதனால் எதுவும் மாறாது. ஒரு மோல் குளோரின் அணுக்களின் நிறை அப்போதும் இப்போதும் 35.5 கிராம்தான்.

'குளோரின் அணுக்கள்' என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு விடை அதில் இருக்கிறது. 'ஒரு மோல் குளோரின்' என்று சொன்னால் பேச்சு முடியவில்லை. எதன் மோல்? அணுவின் மோலா, மூலக்கூறின் மோலா? குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாக இருக்கின்றன. அதனால் ஒரு மோல் குளோரின் மூலக்கூறு 71 கிராம்.

ஒரு கணக்கு: 14.2 கிராம் குளோரின் வாயுவில் எத்தனை மோல்? குளோரின் வாயு என்றாலே மூலக்கூறு. 14.2 ÷ 71 = 0.2 மோல் மூலக்கூறு. அதே வாயுவில் அணுக்கள் எத்தனை மோல் என்று கேட்டால் 14.2 ÷ 35.5 = 0.4 மோல் அணு. இரண்டும் சரி. கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று என்றால்தான் இரண்டு மடங்கு, பாதி எல்லாம் வரும். விடையில் 'மோல்' என்று எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே துகளின் பெயரையும் எழுதிவிடுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

குளோரினைப் போல இரண்டு அணு மூலக்கூறாக இருக்கும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். இதை மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. ஹீலியம், நியான் போன்ற மந்த வாயுக்களில் அணுக்கள் தனித்தனியாகவே இருக்கும்.

சோடியம் குளோரைடு இன்னொரு ரகம். அதில் மூலக்கூறே கிடையாது. படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்துக்குச் சொந்தம் என்று பிரிக்க முடியாது. அதனால் அங்கே வாய்ப்பாட்டு நிறை என்று சொல்கிறோம்: 23 + 35.5 = 58.5. இங்கே 71ஐக் கூட்டிவிடக் கூடாது. அது வாயுவுக்குரிய எண். குளோரைடாக மாறும்போது சேரும் எலக்ட்ரானின் நிறை ஒரு புரோட்டானில் சுமார் 1836இல் ஒரு பங்கு என்பதால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சமன்பாட்டில் இரண்டு எண்களும் ஒன்றாக வரும். ஹைட்ரஜனும் குளோரினும் வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகிறது. இடப்பக்கம் ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறு 2 கிராம், ஒரு மோல் குளோரின் மூலக்கூறு 71 கிராம், மொத்தம் 73. வலப்பக்கம் ஹைட்ரஜன் குளோரைடு ஒரு மோல் 1 + 35.5 = 36.5, இரண்டு மோல் உண்டாவதால் அதுவும் 73. இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் 35.5ஐயும் 71ஐயும் எங்கேயோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

பருமன் கேட்டாலும் இதே கதைதான். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்பது வாயுவில் உள்ளபடியான துகள்களுக்கு. குளோரினில் அது மூலக்கூறு. மேலே சொன்ன 14.2 கிராமுக்கு 0.2 × 22.4 = 4.48 லிட்டர். சில புத்தகங்களில் 22.7 என்று இருக்கும். அவர்கள் அழுத்தத்தை 1 பார் என்று எடுத்திருப்பார்கள். கேள்வியில் எந்த மதிப்பைக் கொடுத்திருக்கிறார்களோ அதையே போடுங்கள்.